தறிக்குழியை எந்த மாடியில் தோண்டுவது?

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கல்யாணப் பேச்சுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது மனைப் பேச்சு. முசரவாக்கமும் இதற்கு விலக்கல்ல. அந்த ஊரில் ஒரு குடும்பம்: மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை. அங்கேயே ஒரு பிளாட் வாங்கிவிடலாம் என்கிறான். இருக்கிற நத்தத்து இடத்தில் பழைய வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாமே என்கிறார் அப்பா. தண்ணீர் எங்கே ஒழுங்காக வரும் என்று அம்மா கேட்கிறார். மூவரில் அம்மாவின் கேள்விதான் விவரமானது என்பது என் கட்சி. ஆனால் வாக்குவாதம் எப்போதும் மற்ற இருவருக்கும் இடையில்தான் நடக்கும்.

அடுக்குமாடியா, தனி வீடா என்ற கேள்விக்கு நாளிதழ்களின் ரியல் எஸ்டேட் பக்கத்தில் ஒரு வாய்ப்பாடு உண்டு. காவலாளி, லிப்ட், ஜெனரேட்டர், குழந்தைகள் விளையாட இடம் என்று ஒரு பத்தி. மண், மரம், மொட்டை மாடி, யாரையும் கேட்க வேண்டாத சுதந்திரம் என்று இன்னொரு பத்தி. கடைசியில் உங்கள் தேவைக்கேற்ப முடிவு செய்யுங்கள் என்று கை கழுவிவிடுவார்கள். காலையில் பூட்டிக்கொண்டு போய் இரவில் வந்து திறக்கிற வீட்டுக்காக எழுதப்பட்ட வாய்ப்பாடு அது. காஞ்சி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வீடு என்பது பகல் முழுக்க வேலை நடக்கும் இடம். 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கும் குடும்பங்கள் 31.45 லட்சம். கணக்கெடுப்புக்காரர்கள் ஆட்களாக மட்டும் எண்ணாமல் குடும்பங்களாகவும் எண்ணியதற்குக் காரணம் இருக்கிறது: தறி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கிடக்கிறது.

ஆகவே இந்தக் கேள்வியைத் தறியிலிருந்து தொடங்குவதே சரி. தறி இல்லாதவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

காஞ்சிப் பட்டு பெரும்பாலும் குழித்தறியில் நெய்யப்படுகிறது. தரையில் இடுப்பளவுக் குழி. நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதியை அழுத்துகிறார். எதிரே அச்சுப்பலகை, விழுது, அதற்கப்பால் அறையின் நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய பாவு. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் அதிலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைச் சங்கிலியும். கீழே பூமியும் மேலே உயரமும் இந்தத் தறிக்கு வேண்டும். அடுக்குமாடியில் இரண்டுமே கிடையாது. கட்டட விதிகள் குடியிருக்கும் அறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. கட்டுகிறவர் அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடுவார். தளம் ஒவ்வொன்றிலும் ஓர் அடி கூட்டினால் செலவு எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். தறியைத் தாங்கும் சட்டத்துக்கு மேலே பெட்டியை ஏற்றி, அதற்கும் மேலே ஆள் கைவிட்டு அட்டை மாற்ற இடம் விட்டால், ஒன்பது அடியில் மூச்சு முட்டும். குழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டாம் மாடியில் தோண்டினால் முதல் மாடிக்காரர் வீட்டுச் சமையலறையில் கால் தொங்கும்.

குழி இல்லாத சட்டத்தறி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, மாடியிலும் போடலாம். ஆனால் அச்சுப்பலகை ஊடையை அடிக்கும் சத்தமும் அதிர்வும் தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த ஊரில், எல்லா வீட்டிலும் தறி இருக்கும்வரை இது சிக்கலே இல்லை. நான்கு வீட்டில் ஒரு வீட்டில் மட்டும் தறி இருக்கும்போதுதான் அது புகாராகிறது.

அடுத்து ஆள். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில், இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. ஒருவர் நெய்ய, இன்னொருவர் ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள வேண்டும். முன்பு அந்த இடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, பெரும்பாலும் மனைவி. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து நாடா தள்ளுகிறார், எழுந்துபோய்க் கஞ்சி வடிக்கிறார், மறுபடி வருகிறார். இந்த நடையெல்லாம் ஒரே தரையில், பத்தடி தூரத்தில் நடக்கிறது. தறியைத் தனிக் கொட்டகைக்கும் சமையலறையை மூன்றாம் மாடிக்கும் அனுப்பிவிட்டால், ஒரு சேலையின் கூலி இரண்டு பேர் உழைப்பிலிருந்து ஒருவர் உழைப்பாகச் சுருங்கும், அல்லது இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க நேரும். வீட்டுத் தரைப்படத்தில் ஒரு கோடு நகர்ந்தால் குடும்ப வருமானம் நகர்கிறது.

மூன்றாவது, தெரு. விடியற்காலையில் காஞ்சியின் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாக நீவிப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வழக்கமாக ஒரு பாவில் மூன்று சேலை. பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். எந்த வீட்டுக் கூடத்திலும் இது அடங்காது. அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள்; நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். சைக்கிளில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். நெசவாளர் வீட்டின் கடைசி அறை தெருதான். மனைப்பத்திரத்தில் அது இருக்காது, ஆனால் அது இல்லாமல் தொழில் நடக்காது. இருபது அடிச் சாலையில் இரண்டு பக்கமும் கார் நிற்கும் புதிய மனைப்பிரிவில் ஆளுக்கொரு தனி வீடு கட்டிக்கொடுத்தாலும் இந்த அறை அங்கே கிடைக்கப்போவதில்லை.

இதிலிருந்து ஒன்று புரியும். நாம் 'தனி வீடு' என்று இன்று சொல்வதும் அந்தப் பழைய நெசவாளர் வீடும் ஒன்றல்ல. பழைய வீடு தனியாக நின்றதே இல்லை. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அடுத்த வீட்டுத் திண்ணையும் இந்த வீட்டுத் திண்ணையும் ஒரே வரிசை. ரேழி, கூடம், முற்றம் என்று உள்ளே போகும். சுவரைப் பகிர்ந்தார்கள், தெருவைப் பகிர்ந்தார்கள், கிணற்றையும் பலர் பகிர்ந்தார்கள். நான்கு பக்கமும் இடம் விட்டு, சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்பு கேட் போட்ட வீடு அரசு ஊழியர் குடியிருப்புகளையும் பங்களாக்களையும் பார்த்து நமக்கு வந்த ஆசை. அப்பா 'நம்ம பழைய முறைப்படி தனி வீடு' என்று சொல்லும்போது, அவர் மனத்தில் இருக்கும் வீடு அவருடைய அப்பா வாழ்ந்த வீடல்ல.

அரசுக்கும் இந்தத் தொழில்-வீடு முடிச்சு தெரியாமல் இல்லை. 1985–86இலேயே தறிக்கூடத்துடன் சேர்ந்த வீட்டுக்கு மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல யோசனை; வீட்டையும் தறியையும் ஒரே வரைபடத்தில் வைத்தது. அதற்குப் பின் வந்த பொதுவான வீட்டுத் திட்டங்களில் அந்தக் கவனம் கரைந்தது. 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 360 சதுர அடியில் ஒரு தறியைப் போட்டால் மீதி இடத்தில் நான்கு பேர் எப்படிப் படுப்பது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முசரவாக்கம் போன்ற ஊராட்சியில் ஒரு வசதி உண்டு: வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் தறிக்கு ஓட்டுச் சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாம். அடுக்குமாடியில் சாய்ப்பு இறக்க முடியாது.

வீடும் பிழைப்பும் ஒட்டி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் காஞ்சிபுரத்தை ஒட்டிய கீழ்கதிர்ப்பூர் காட்டியது. நகருக்குள் ஓடும் வேகவதி ஆற்றின் கரையில் ஆக்கிரமிப்பில் இருந்த குடும்பங்களுக்காக, அன்றைய குடிசை மாற்று வாரியம் (2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது) அங்கே 2,000க்கும் மேற்பட்ட வீடுகளை அடுக்குகளாகக் கட்டியது. ஆற்றுக்கு இடம் வேண்டும், வெள்ளத்தில் மிதக்கும் குடும்பங்களுக்குக் காய்ந்த தரை வேண்டும்; இரண்டு நியாயமும் சரி. ஆனாலும் பல குடும்பங்கள் போகத் தயங்கின. காரணத்தை விளக்க சமூகவியல் தேவையில்லை. ஆற்றங்கரை வீடு மோசமாக இருந்தாலும் பிழைப்பு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டவர்கள் சொன்ன குறையும் இதுவே: சுவர் கிடைத்தது, வேலை தொலைந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கீழ்கதிர்ப்பூரில்தான் அண்ணா பெயரில் பட்டுப் பூங்காவும் அமைந்தது. வீடு ஓர் அடுக்கில், தறி ஒரு கொட்டகையில், இரண்டும் ஒரே ஊரில். இது புத்திசாலித்தனமான ஏற்பாடாக இருந்திருக்கக்கூடும், இரண்டையும் ஒரே குடும்பத்தை மனத்தில் வைத்துத் திட்டமிட்டிருந்தால். ஒன்று வாழ்விட வாரியத்தின் கோப்பு, இன்னொன்று கைத்தறித் துறையின் கோப்பு.

சரி, நெசவாளருக்கு அடுக்குமாடி ஒத்தே வராதா? ஒத்து வந்த ஊர் ஒன்று உண்டு. பிரான்சின் லியோன். ஜக்கார்டு தறி பிறந்ததே அங்கேதான், 1804இல். அந்தத் தறி பழைய வீடுகளுக்குள் நுழையவில்லை, உயரம் இடித்தது. அப்போது அந்த நகரம் தறியைக் கொட்டகைக்குத் தள்ளிவிடாமல் கட்டடத்தை மாற்றியது. குரோவா-ரூஸ் குன்றின்மேல் நான்கைந்து மாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஒவ்வொரு மாடியிலும் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரக் கூரை, வெளிச்சம் கொட்டும் நெட்டைச் சன்னல்கள், தறியைத் தாங்கும் பருத்த உத்தரங்கள். தறிக்குப் பக்கத்தில் பாதி உயரத்தில் ஒரு மரப்பரண். குடும்பம் அதில் ஏறிப் படுத்துக்கொண்டது. சுகவாழ்வு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூலிக்காக அந்த நெசவாளர்கள் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்து சுடப்பட்டார்கள். நான் சொல்ல வந்தது கட்டடத்தைப் பற்றி மட்டும்: தறிக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடியில் தறி ஓடியது. நம் ஊரில் ஓடாததற்குக் காரணம் மாடியல்ல. வரைபடம் போடுகிறவர் மனத்தில் தறி இல்லாதது. தரைத்தளம் முழுவதையும் குழித்தறிக் கூடமாக்கி, பாவு நீட்ட நீண்ட தாழ்வாரம் விட்டு, மேலே மூன்று தளங்களில் வீடு வைத்தால் காஞ்சிக்கு ஏற்ற அடுக்குமாடி தயார். தரைத்தளத்தைக் கார் நிறுத்தத்துக்கு ஒதுக்கத் தெரிந்த நமக்குத் தறிக்கு ஒதுக்கத் தெரியாதா என்ன?

காஞ்சி நகரத்துக்குள் இன்னொரு விதமான கட்டுப்பாடும் இருக்கிறது. அங்கே வீட்டைப் பற்றிக் கோயிலைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கைலாசநாதர் கோயில் இருப்பது நெசவாளர் குடியிருப்பான பிள்ளையார்பாளையத்தை ஒட்டி. அந்தப் பகுதியில் ஓட்டு வீட்டை இடித்து நான்கு மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போடுகிறவர் முதலில் நாடாப்பட்டை எடுத்துக்கொண்டு போய் அளக்க வேண்டும்.

அடுத்தது அடிமனை. பல தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, மண் சுவாமியுடையது. கோயிலுக்கு மனை வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே ஆணையரின் ஒப்புதல் வேண்டும். விற்பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வங்கிக்குப் போனால் மூலப்பத்திரம் கேட்பார்கள். இவர்களிடம் வாடகை ரசீது இருக்கும். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளை பிளாட் வாங்கப் புறப்படுவது நகர மோகத்தால் அல்ல. கடன் கிடைக்கும் ஒரே வீடு அதுதான் என்பதால்.

பணக் கணக்குக்கு வருவோம். பிளாட் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இரண்டு: கட்டடத்தில் ஒரு பெட்டி, நிலத்தில் பிரிபடாத பாகம். விளம்பரம் முதலாவதைப் பற்றியே பேசும். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை. தளப்பரப்புக் குறியீடு 2 என்று வைத்துக்கொண்டால் 4,800 சதுர அடி கட்டலாம். தலா 800 சதுர அடியில் ஆறு வீடு. ஒவ்வொருவருக்கும் நிலப் பங்கு 400 சதுர அடி. மனை சதுர அடி 2,000 ரூபாய் போகும் இடமென்றால், உங்கள் நிலம் 8 லட்சம். வீட்டை 40 லட்சத்துக்கு வாங்கினால் மீதி 32 லட்சம் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கட்டுநரின் லாபத்துக்கும் போனது. நிலம் விலை ஏறும். கட்டடம் வருஷா வருஷம் தேயும். இருபது வருஷம் கழித்து விற்கப் போகும்போது, வாங்க வருகிறவர் அந்த 400 சதுர அடியைத்தான் எடை போடுவார். பத்திரத்தில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். ஒன்றிரண்டு பத்திரங்களை எனக்குக் காட்டியவர்கள் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பதிவுச் செலவும் சமமல்ல. மனையோ பழைய வீடோ வாங்கினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புதிய அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம். 50 லட்சம் வரை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். விகிதம் குறைவாகத் தெரிகிறது. ஆனால் 12 லட்சம் மதிப்புள்ள மனைக்கு 9 சதவீதம் என்றால் 1.08 லட்சம், வீட்டைப் பிறகு மெல்லக் கட்டிக்கொள்ளலாம். 40 லட்சம் பிளாட்டுக்கு 6 சதவீதம் 2.4 லட்சம். அது கட்டி முடியாத கட்டடமாக இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. மலிவு வீட்டு வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய கட்டடத்துக்கு அந்த வரி கிடையாது என்பதால், கொஞ்சம் பொறுத்திருப்பவருக்கு லாபம்.

தனி வீடு கட்டுகிறவருக்கு 2024 ஜூலை முதல் ஒரு சலுகை. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி பெறலாம். ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். இங்கேதான் காஞ்சி வட்டாரத்தில் பலர் மாட்டிக்கொண்டார்கள். ஏரிக்கரை ஓரத்திலும் நஞ்சையிலும் கல் நட்டு, கொடி கட்டி, தங்கக்காசு பரிசு என்று விற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுவருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்கு வழி பிறந்தது. அந்தச் சான்று கையில் இல்லாத மனையை இன்றும் 'நல்ல விலை' என்று காட்டுகிறவர்கள் உண்டு. பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவிப்பு வந்ததிலிருந்து இந்தக் காட்டல் கூடியிருக்கிறது. அதே ஆண்டு சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. வரப்போகும் ஓடுபாதையைச் சொல்லி விற்கப்படும் மனைக்கு, இருக்கிற குடிநீர்க் குழாய் எங்கே என்று கேட்டால் புரோக்கர் பேச்சை மாற்றுவார்.

அடுக்குமாடி வாங்குகிறவருக்குச் சட்டம் கூடுதல் துணை நிற்கிறது என்று ஒரு நம்பிக்கை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம்தான்: தரைப்பரப்பைச் சுவருக்குள் அளந்து சொல்ல வேண்டும், ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டியதற்கும் எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் அதில் பதிவு தேவையில்லை. மேலே சொன்ன ஒரு கிரவுண்டு, ஆறு வீடு இந்த வலையில் விழாது. காஞ்சி போன்ற ஊரில் எழும் அடுக்குமாடிகளில் பல இந்த அளவுதான். அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு, மேஸ்திரியின் மனசாட்சியும் நீங்கள் அழைத்துப் போகும் பொறியாளரின் கண்ணும். 2014 ஜூன் 28 அன்று அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் மாண்டார்கள்; பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மழையும் மின்னலும் காரணம் என்று அன்று பேசப்பட்டது. மழைக்கு நிற்காத கட்டடத்தை வீடு என்று விற்றதுதான் காரணம்.

மழை என்றதும் 2015 டிசம்பர் 1 நினைவுக்கு வரும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். தாழ்ந்த இடத்துத் தனி வீட்டுக்காரர்கள் கட்டில், பீரோ, ஆவணம் எல்லாம் இழந்து மொட்டை மாடியில் நின்றார்கள். அடுக்குமாடிக்காரர்கள் நனையவில்லை, ஆனால் கீழ்த்தளத்து மின்பெட்டி மூழ்கியதால் மோட்டார் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, நான்காம் மாடியில் சர்க்கரை நோயாளி. தறி வீட்டுக்கு மழை இன்னொரு தினுசான தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் ஊற்று கசியும். பட்டிழை நமுத்துப் போகும். வாரக்கணக்கில் தறி நிற்கும். குழித்தறிக்காரர் வீட்டின் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்து போனால் தொழிலே தாழ்ந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலே ஊற்றுகிற பழக்கத்தால், காஞ்சியில் பல திண்ணைகள் இப்போது தெருவுக்குப் படியாகிவிட்டன.

மாதச் செலவைப் பொறுத்தவரை, பிளாட்டில் பராமரிப்புத் தொகை கண்ணுக்குத் தெரிகிறது, தனி வீட்டில் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தனி வீட்டில் பத்து வருஷத்துக்கொரு முறை தளத்தில் விரிசல் விட்டு மொத்தமாக வாங்கிக்கொள்ளும். சின்ன அடுக்குமாடிகளில் சண்டை வருவது பெரும்பாலும் பொது மின் கட்டணத்தால். பொதுவிளக்குக்கும் மோட்டாருக்கும் 2022இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 அக்டோபரில் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். தறியை விட்டு மாடிக்குப் போனால் இந்தச் சலுகையும் கூடவே இறங்கிப்போகும்.

இனி ரியல் எஸ்டேட் பக்கங்கள் பேசாத ஒன்று. தனி வீடு என்றால் ஒரு தெரு. நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் ஒரு சாதி. கையில் பணம் இருந்தும் இன்ன தெருவில் மனை வாங்க முடியாது என்ற நிலை இன்றும் இருக்கிறது. யாரும் முடியாது என்று வாயால் சொல்ல மாட்டார்கள், மனை மட்டும் திடீரென்று விற்பனைக்கு இல்லாமல் போகும். ஊரின் அந்தக் கோட்டைத் தாண்ட நினைக்கும் ஒரு தலித் குடும்பத்துக்கு, யார் என்ன என்று கேட்காமல் கட்டுநர் விற்கும் பிளாட் உண்மையான விடுதலை. அங்கும் 'சைவம் மட்டும்' என்ற பலகை வாடகைக்காரரை வடிகட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தானாக எந்தச் சுவரும் சாதியைக் கரைக்காது. சிங்கப்பூரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள், அங்குள்ள தமிழர்களும் அப்படியே. இனங்கள் தனித்தனிப் பேட்டையாகிவிடக் கூடாதென்று 1989இலிருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் இன்ன இனத்துக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தரைத்தளத்தைக் காலியாக விட்டார்கள். கல்யாணமும் சாவும் அங்கே நடக்கிறது. வீட்டில் பலகாரம் செய்து விற்கவும், துணி தைத்துக் கொடுக்கவும் அளவோடு அனுமதி உண்டு. நம் பிளாட்டுகளில் ஒரு சாவு விழுந்தால் உடலை எங்கே கிடத்துவது என்று சங்கச் செயலாளருக்குப் போன் போகிறது. காஞ்சியில் கருடசேவை அன்று சுவாமி வீதியில் வரும்போது வாசலில் கோலம் போட்டுத் தேங்காய் உடைக்கிற உரிமையையும் நான்காம் மாடி தராது. பக்தி இல்லாதவர்களுக்கும் அது ஊரில் தனக்கு இடம் உண்டு என்ற சான்றிதழ்.

பெண்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போடுகிறார்கள் என்பதும் என் கவனத்துக்கு வந்திருக்கிறது. ஷிப்டு முடிந்து நள்ளிரவில் பஸ் இறக்கிவிடும் பெண்ணுக்கு, வாசலில் விளக்கும் காவலாளியும் உள்ள கட்டடம் ஆடம்பரமல்ல. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். தொழிற்சாலை எவ்வளவு பெரிய வீட்டுத் தேவையைக் கூடவே கொண்டுவருகிறது என்பதற்கு அதுவே அளவு. தனியாக இருக்கும் முதியவருக்கும் அடுத்த கதவு பத்தடியில் இருப்பது நல்லது, லிப்ட் ஓடும் வரை. பழைய அடுக்குமாடிகளில் லிப்ட் இல்லை. அறுபது வயதில் வாங்கிய மூன்றாம் மாடி எழுபத்தைந்தில் மலையாகும். கட்டடமும் அப்போது கிழடாகியிருக்கும். அதை இடித்துக் கட்ட முன்பு எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் போதும்.

முசரவாக்கத்துக் குடும்பத்துக்கு என் பதில் இப்படிப் போகும். வீட்டில் தறி ஓடுகிறதென்றால், இன்னும் பத்து வருஷம் ஓடுமென்றால், பேச்சே இல்லை: இருக்கிற இடத்தில், தரைமட்டத்தைச் சாலையைவிட மூன்றடி உயர்த்தி, முன்கூடத்தைப் பன்னிரண்டு அடி உயரத்தில் விட்டு, படுக்கையை மாடிக்கு ஏற்றிக் கட்டட்டும். நத்தத்துக்குத் தனிப்பட்டா வாங்குவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளட்டும்; கூட்டுப்பட்டாவில் பெரியப்பா, சித்தப்பா பெயர்கள் கிடக்கும்போதே கட்டட வேலையைத் தொடங்கினால் பாதியில் ஒருவர் வந்து நிற்பார். தறி நின்றுவிட்டது, குழியை மூடி டைல்ஸ் போட்டாகிவிட்டது என்றால் கணக்கு வேறு. அப்போது மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவன் வாங்குவதற்கு அவசரப்படத் தேவையில்லை. கம்பெனி ஒப்பந்த வேலைக்கு இருபது வருஷக் கடன் பொருந்தாது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பிளாட்டை வாடகைக்கு எடுக்கட்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். குடியிருப்புக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்பார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அவருக்கு வேறு ஆள் கிடைக்கவும் செய்வார். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. இரண்டு மழைக்காலம் அங்கே இருந்து பார்த்துவிட்டு, அம்மாவின் தண்ணீர்க் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு, வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.